இன்டரப்ட் கேட்பது எளிதான கதை

விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டியதும், செயலி தன் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கிறது. "கொஞ்சம் இங்கே பார்" என்று சாதனங்கள் கொடுக்கும் இந்த அழைப்புதான் இன்டரப்ட்.

1981ல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259 என்ற சிப் இந்த வேலையைச் செய்தது. மொத்தம் 8 கம்பிகள்தான். 1984ல் பிசி ஏடியில் இன்னொரு 8259 சேர்ந்தது. இரண்டையும் இணைக்கவே ஒரு கம்பி போய்விட, மிச்சம் 15. சவுண்ட் கார்டு வாங்கியவர்கள் ஜம்பரை மாற்றி மாற்றிக் காலியான எண்ணைத் தேடிய காலம் அது!

பிறகு பிசிஐ வந்தது. இதில் பல கார்டுகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் மணி அடித்தால், "அடித்தது உன் ஆளா?" என்று கெர்னல் அந்தக் கம்பியில் உள்ள டிரைவர்களை வரிசையாகக் கேட்க வேண்டும். 1998ல் வெளியான பிசிஐ 2.2 இதற்கு ஒரு வழி சொன்னது. கம்பியே வேண்டாம், குறிப்பிட்ட முகவரியில் சாதனம் ஒரு மதிப்பை எழுதினால் போதும். இதன் பெயர் எம்எஸ்ஐ. ஒரு சாதனத்துக்கு 32 இன்டரப்ட் வரை கிடைக்கும். அடுத்து வந்த எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை.

வசதி கூடியது, கூடவே தலைவலியும். லினக்ஸில் இவற்றைப் பயன்படுத்தும் டிரைவர் முதலில் எம்எஸ்ஐ-எக்ஸ் கேட்கும். கிடைக்காவிட்டால் எம்எஸ்ஐ, அதுவும் இல்லையென்றால் பழைய கம்பி. கேட்டால் வரும் பதிலோ மூன்று வகை. பூஜ்யம் என்றால் வெற்றி. மைனஸ் என்றால் தோல்வி. பிளஸ் எண் வந்தால் "இவ்வளவுதான் இருக்கிறது, குறைத்துக் கேள்" என்று பொருள். ஆகவே டிரைவர் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டும். கடைசியில் எது கிடைத்தது என்பதையும் நினைவில் வைத்திருந்து அதற்கேற்பத் திருப்பித் தர வேண்டும். இதே சோதனைகள் டிரைவருக்கு டிரைவர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. தவறு நுழையவும் அத்தனை வாசல்கள்.

2014ல் லினக்ஸ் 3.14 முதல் படியை எடுத்தது. குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை என்று டிரைவர் சொன்னால் போதும். சுற்றிக் கேட்பதைக் கெர்னலே பார்த்துக்கொண்டது. 2016ல் வந்த 4.8ல் கிறிஸ்டோப் ஹெல்விக் எழுதிய 'பிசிஐ அலாக் ஐஆர்க்யூ வெக்டர்ஸ்' என்ற ஃபங்ஷன் சேர்ந்தது. ஒரே அழைப்பு மூன்று வழிகளையும் வரிசையாக முயன்று பார்க்கும். திருப்பித் தரவும் ஒரே அழைப்புதான்.

இதனால் கணினி புதிதாக எதையும் செய்யவில்லை. பல டிரைவர்களில் சிதறிக் கிடந்த ஒரே சோதனை ஓரிடத்துக்கு வந்தது, அவ்வளவே. ஆனால் இனி அதில் ஒரு பிழையைத் திருத்தினால், அதை அழைக்கும் எல்லா டிரைவர்களுக்கும் சேர்த்தே திருத்தியதாகிவிடும்.