வளையத்துக்கு மூடி போடும் கோச்: அமெரிக்க காலேஜ் கூடைப்பந்தில் 'ஹஸில்' பழக்கம் எப்படி உருவாகிறது?

2025 ஏப்ரல் 5, சான் அன்டோனியோ. அமெரிக்க ஆண்கள் காலேஜ் கூடைப்பந்து அரையிறுதி முடிய சுமார் 35 விநாடிகள்தான் பாக்கி. டியூக் 67, ஹூஸ்டன் 61. டிவி முன்னால் இருந்திருந்தால் நீங்கள் ரிமோட்டைக் கையில் எடுத்திருப்பீர்கள்.

ஹூஸ்டன் ஒரு மூன்று புள்ளி ஷாட் போட்டது. டியூக் பந்தை உள்ளே வீசியதும் அதைப் பறித்தது. அடுத்த ஷாட் தவறியது. ஆனால் திரும்பி வந்த பந்தை ஜோசப் டக்லர் எட்டிப் பிடித்து அப்படியே வளையத்துக்குள் அறைந்தார். பிறகு டியூக் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, அந்த ரீபவுண்டும் ஹூஸ்டனுக்கே வந்தது, கூடவே ஒரு ஃபவுலும். கடைசியில் 70-67, ஹூஸ்டன் ஃபைனலில்!

பறித்த பந்து, தவறிய ஷாட்டுக்குப் பின்னால் ஓடியது, ரீபவுண்டுக்கு இடம் பிடித்தது. ஷாட் போடும் திறமை மட்டும் இருந்தால் இதெல்லாம் நடக்காது. இதைத்தான் 'ஹஸில்' என்கிறார்கள்.

அப்படின்னா என்ன?

யாருக்கும் சொந்தமில்லாத பந்துக்காகத் தரையில் பாய்வது, எதிரணியின் பாஸில் விரல் படவைத்துத் திசை திருப்புவது, ஓடி வரும் ஆட்டக்காரர் முன்னால் அசையாமல் நின்று இடி வாங்குவது. இந்தக் கடைசி வேலைக்கு 'சார்ஜ் எடுப்பது' என்று பெயர். சரியாக நின்றால் ஃபவுல் இடித்தவர் மேல், பந்து உங்களுக்கு. ஆனால் 2023-24 சீசனிலிருந்து விதி கடுமையாகிவிட்டது. எதிராளி எம்பிக் குதிக்கக் கால் ஊன்றுவதற்கு முன்பே நீங்கள் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் குறுக்கே போய் விழுந்தால் ஃபவுல் உங்கள் மேல்தான்.

தாக்கும் அணியே ரீபவுண்டைப் பிடித்தால் லாபம் இன்னும் அதிகம். ஷாட் கடிகாரம் 20 விநாடிக்குத் திரும்பும். தவறிய ஷாட்டுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்த மாதிரி.

பிறவிக் குணமா, பழக்கமா?

கெல்வின் சாம்ப்சன் 2014-ல் ஹூஸ்டன் கோச் ஆனார். முதல் சீசனில் 13 வெற்றி, 19 தோல்வி. அவருடைய பயிற்சியில் ஒரு வேடிக்கை: சில நேரம் வளையத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுவார்கள். எந்த ஷாட்டும் உள்ளே போகாது. ஒவ்வொரு பந்தும் ரீபவுண்டுக்கான சண்டைதான். இன்னொன்று, பந்தைத் தரையில் உருட்டிவிட்டு இரண்டு பேரை மோதவிடுவது. நட்சத்திர ஆட்டக்காரர் என்றாலும் விலக்கு கிடையாது. பாயச் சொல்லி கோச் கத்துவதால் மட்டும் யாரும் பாயப்போவதில்லை. நூறு முறை பாய்ந்து பழகியவர்தான் மேட்ச்சில் யோசிக்காமல் பாய்வார்.

மிச்சிகன் ஸ்டேட் கோச் டாம் இஸ்ஸோ ரீபவுண்ட் பயிற்சிக்கு அமெரிக்க ஃபுட்பால் ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிவிட்டது ரொம்பப் பிரபலம். 2000-ல் அவர் அணி சாம்பியன். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஒரு காலேஜ் டீமை நடத்துகிறீர்கள் என்றால், கவசம் தேடி அலைய வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ரிக் பிட்டினோ செய்தது அதுதான். பந்தில் கை பட்டு அது திசை மாறிய ஒவ்வொரு முறையையும் எண்ண வைத்தார்; ஒரு மேட்ச்சுக்கு 35 என்பது இலக்கு. ஸ்கோர் ஷீட்டில் வராத வேலையை யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால், பெஞ்சில் இருந்து வருகிற பையனும் உயிரைக் கொடுத்து ஆடுவான். ஆடும் நிமிடங்களையும் அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தால்தான் இது நிற்கும். பாயாத ஸ்டார் முழு மேட்ச்சும் ஆடினால் நோட்டுக்கு என்ன மதிப்பு?

எல்லை எங்கே?

கடுமை என்ற பெயரில் கொடுமையும் நடந்திருக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக கோச் மைக் ரைஸ், பயிற்சியில் ஆட்டக்காரர்கள் மேல் பந்தை எறிந்து, தள்ளி, வசைபாடிய வீடியோ 2013 ஏப்ரலில் டிவியில் வெளியானது. மறுநாளே வேலை போனது. அதற்கு முந்தைய டிசம்பரில் நிர்வாகம் மூன்று மேட்ச் சஸ்பென்ஷனும் அபராதமும் விதித்து விஷயத்தை முடித்திருந்தது என்பதுதான் கோபத்தைக் கிளப்பியது. விளையாட்டுப் பிரிவு இயக்குநரும் பதவி விலகினார்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூடி போட்ட வளையம் ஒரு திறமையைக் கற்றுத்தருகிறது. முகத்தில் எறிந்த பந்து எதையும் கற்றுத்தருவதில்லை. அவமானப்பட்ட பையன் தப்பு செய்யப் பயப்படுவான். பயந்தவன் பாய மாட்டான். தண்ணீர் கொடுக்காமல் ஓடவிடுவது, அடிபட்டதை மறைக்கச் சொல்வது இதெல்லாமும் அதே ரகம். உங்கள் கோச் இப்படி நடந்தால் அதை 'டஃப்னெஸ்' என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, ஃபைனலில் என்ன ஆச்சு?

ஏப்ரல் 7. 12 புள்ளி முன்னிலையை ஹூஸ்டன் கரைத்துவிட்டது. ஃபுளோரிடா 65, ஹூஸ்டன் 63. கடைசி விநாடிகளில் இமானுவல் ஷார்ப் மூன்று புள்ளி ஷாட்டுக்கு எம்பினார். வால்டர் கிளேட்டன் பாய்ந்து வந்து மறைத்தார். ஷாட் போட முடியாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டார்; தானே தொட்டால் விதிமீறல் என்பதால் எடுக்கவும் முடியவில்லை. தரையில் துள்ளிய அந்தப் பந்தின் மேல் பாய்ந்து விழுந்தவர் ஃபுளோரிடாவின் அலெக்ஸ் காண்டன்.