வேளாங்கண்ணிப் பெருவிழா: செப்டம்பர் 8 வந்த வழி

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை பேராலயத்தின் ஆண்டுப் பெருவிழா ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8 அன்று கன்னி மரியாவின் பிறப்பு விழாவோடு நிறைவடைகிறது. காவிரிப் படுகையின் கீழ்க்கோடியில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் கடலோரம் இருக்கும் இவ்வூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது; திருச்சபை நிர்வாகத்தில் இன்றும் தஞ்சாவூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. செப்டம்பர் 8 இவ்வூருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் ஊரார் புயலில் சிக்கிய ஒரு கப்பலைச் சொல்வார்கள். திருவழிபாட்டு வரலாற்றைப் படித்தவர்கள் எருசலேமில் ஒரு குளக்கரைக் கோயிலைச் சொல்வார்கள். இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாளின் வரலாறு முழுமையாகும்.

கப்பலின் கதை

வேளாங்கண்ணி மரபில் மூன்று நிகழ்ச்சிகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன இடைச் சிறுவனைப் பற்றியது. குளக்கரை ஆலமரத்தடியில் களைப்பாறிய அவனிடம் கையில் குழந்தையோடு வந்த பெண் பால் கேட்டார். கொடுத்த பிறகும் குடம் குறையாமல் பொங்கியது. அந்தக் குளம் இன்று மாதா குளம். இரண்டாவது, அந்த நூற்றாண்டின் முடிவில் நடுத்திட்டு என்ற மேட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு நடந்தது. தன் குழந்தைக்கு மோர் வாங்கிய தாய், நாகப்பட்டினத்தில் ஒருவரிடம் செய்தி சொல்லிவரும்படி அவனை அனுப்பினார், எழுந்தவன் ஓடினான். அந்த மேட்டில் கூரை வேய்ந்த சிறு கோயில் எழுந்தது. ‘ஆரோக்கிய மாதா’ என்ற பெயரும் இந்த நிகழ்ச்சியோடுதான் சேர்ந்தது.

இந்த இரண்டுக்கும் நாள் கிடையாது. நாள் வருவது மூன்றாவது கதையில். 17ஆம் நூற்றாண்டில் மக்காவ் துறைமுகத்திலிருந்து இலங்கை நோக்கிச் சென்ற போர்த்துகீசிய வணிகக் கப்பல் ஒன்று வங்கக் கடலில் புயலில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தால் கரையேறும் இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக மாலுமிகள் நேர்ந்துகொண்டார்கள். கடல் அடங்கியது; கப்பல் வேளாங்கண்ணிக் கரையை அடைந்தது. அன்று செப்டம்பர் 8. கரையில் இருந்த மீனவர்கள் அவர்களைக் கூரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். பிறகு அதே இடத்தில் மாலுமிகள் 24 அடிக்கு 12 அடி அளவில் செங்கல் கோயில் கட்டினார்கள். மாதாவின் பிறப்பு விழாவுக்கே அதை அர்ப்பணித்தார்கள். அடுத்தடுத்த பயணங்களில் சீனாவிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதித்தார்கள். கப்பல் கதைக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி என்றால் அந்தத் தட்டுகள்தான். மாதா சொரூபம் இருக்கும் பீடத்தில் இன்றும் அவற்றைக் காணலாம்.

இந்த மரபில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கப்பல் வந்த நாள் தெரியும், ஆண்டு சொல்லப்படுவதில்லை. கப்பலின் பெயரோ தலைவனின் பெயரோ கதையில் இல்லை. ஆண்டை விட்டுவிட்டு நாளை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் காத்த நினைவு இது. அதற்குக் காரணம் போர்த்துகீசியர் நாட்களை எண்ணிய முறையில் இருக்கிறது. கத்தோலிக்கக் கப்பலில் ஒவ்வொரு நாளும் ஒரு புனிதரின் நாள் அல்லது ஒரு திருநாள். கண்டுபிடித்த கரைக்கும் தீவுக்கும் அந்த நாளின் பெயரையே வைப்பது அவர்கள் வழக்கம். 1497இல் வாஸ்கோ ட காமா தென்னாப்பிரிக்கக் கரையைக் கிறிஸ்துமஸ் காலத்தில் கடந்ததால் அது ‘நத்தால்’ ஆயிற்று. புனித எலேனா தீவின் பெயரும் இப்படி வந்ததாகச் சொல்வார்கள். அந்த மனிதர்களுக்குச் செப்டம்பர் 8 வெறும் தேதியாக இருந்திருக்க முடியாது. கரையேறியபோதே அது மாதாவின் திருநாள்.

போர்த்துக்கல்லில் லமேகு, நசரே ஆகிய ஊர்களின் பெரிய மாதா விழாக்களும் செப்டம்பர் 8-ஐ ஒட்டியே நடக்கின்றன. போர்த்துகீசியர் ஆண்ட பாந்திராவில் மௌண்ட் மேரி விழா செப்டம்பர் 8-க்கு அடுத்து வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. தமக்கெனத் தனித் திருநாள் இல்லாத மாதா கோயில்கள் பல இந்த நாளை எடுத்துக்கொண்டன. ஆகவே, புயல் கதை இல்லாமலேகூட, போர்த்துகீசியர் கைபட்ட ஒரு மாதா கோயிலுக்குச் செப்டம்பர் 8 வாய்ப்பது இயல்பு. தமிழகக் கரையில் புயல்கள் மிகுதியாக வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஆவணியில் அவ்வளவாக இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். நாள் கப்பலுக்கு முன்பே நாட்காட்டியில் காத்திருந்தது என்பதே என் கருத்து. கப்பல் அந்த நாளுக்கு ஓர் ஊரைக் கொடுத்தது.

எருசலேமின் குளக்கரை

நற்செய்தி நூல்கள் நான்கிலும் மரியாவின் பிறப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெற்றோர் பெயரும் இல்லை. சுவக்கீன், அன்னா என்ற பெயர்களும், பிள்ளையில்லாத முதிய தம்பதியின் வேண்டுதலும் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்ற நூலில் வருகின்றன. திருச்சபை அதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் மக்கள் பக்தியில் அது ஆழமாக இறங்கிவிட்டது.

எருசலேமில் பெத்சதா குளத்தருகே 5ஆம் நூற்றாண்டில் மரியாவின் பெயரில் ஒரு கோயில் இருந்தது. 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவரை இயேசு குணமாக்கியதாக யோவான் நற்செய்தி சொல்லும் குளம் அதுவே. சுவக்கீன்-அன்னா வீடும் அங்கேதான் இருந்தது என்ற நம்பிக்கை வளர்ந்தது. அந்தக் கோயிலின் அபிஷேக நாள்தான் செப்டம்பர் 8 ஆக இருக்க வேண்டும், அதுவே மரியாவின் பிறப்பு விழாவாக மாறியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இப்போது அவ்விடத்தில் நிற்கும் புனித அன்னா ஆலயம் சிலுவைப் போர்க்காரர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. நோய் தீர்ந்த குளக்கரையில் பிறந்த ஒரு திருநாள், வேறொரு குளத்தின் பக்கத்தில் ஆரோக்கிய மாதாவின் விழாவாக நிலைத்தது தற்செயல்தான்; ஆனால் மாதா குளத்தில் தண்ணீர் எடுத்து நெற்றியில் தடவிக்கொள்ளும் ஒருவருக்கு அது அர்த்தமில்லாத தற்செயலாகப் படாது.

கான்ஸ்டாண்டிநோப்பிளில் 6ஆம் நூற்றாண்டிலேயே இந்த விழாவுக்கு ரோமானோஸ் என்ற கவிஞர் பாடல் இயற்றினார். பைசாந்தியப் பேரரசின் ஆண்டு செப்டம்பர் 1 அன்று பிறக்கும். அந்தத் திருவழிபாட்டு ஆண்டில் முதலில் வரும் பெருவிழா மரியாவின் பிறப்பு. கடைசியில், ஆகஸ்ட் 15 அன்று, வருவது அவருடைய மரணத் துயில். ஆண்டின் தொடக்கத்தில் தாய் பிறக்கிறாள் என்ற இந்த அமைப்பும் செப்டம்பரின் தொடக்க நாட்களுக்கு வலுச் சேர்த்திருக்கும்.

ரோமாபுரிக்கு விழா 7ஆம் நூற்றாண்டில் வந்தது. சிரியக் குடும்பத்தில் பிறந்த திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ் (687–701) மாதாவின் விழாக்களுக்குப் பவனி நடத்த ஆணையிட்டார்; பிறப்பு விழாவும் அவற்றில் ஒன்று. பிறகு செப்டம்பர் 8-லிருந்து ஒன்பது மாதம் பின்னோக்கி எண்ணியே டிசம்பர் 8 என்ற அமலோற்பவ விழா அமைந்தது. மார்ச் 25-க்கும் டிசம்பர் 25-க்கும் இடையே இருப்பதும் இதே ஒன்பது மாதக் கணக்கு. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 அன்று கொண்டாடப்பட்டதற்கு 336ஆம் ஆண்டு ரோமாபுரியிலிருந்து சான்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எல்லாத் திருச்சபைகளும் செப்டம்பர் 8-ஐ ஏற்கவில்லை. எகிப்தின் கோப்திக் திருச்சபை மாதாவின் பிறப்பை மே 9 அன்று கொண்டாடுகிறது. கேரளத்துச் சிரிய மரபில் செப்டம்பர் 1 முதல் 8 வரை எட்டு நோன்பு. மணர்காடு தேவாலயத்தில் அது பெருங்கூட்டம் சேரும் விழா. நாள் எதுவாயினும், அது பிறப்புப் பதிவிலிருந்து எடுத்த தேதி என்று எந்தத் திருச்சபையும் சொன்னதில்லை.

படுகைக் கரையில் இரு கணக்குகள்

1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. போர்த்துக்கல் உடனே ஏற்றுக்கொண்டது. ஆகவே 17ஆம் நூற்றாண்டில் கரையேறிய மாலுமிகளின் செப்டம்பர் 8 புதிய கணக்கின் செப்டம்பர் 8; நாம் இன்று எண்ணுவதும் அதையே. ஆனால் வேளாங்கண்ணிக்கு வடக்கே தரங்கம்பாடியில், தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் கோட்டை கட்டிய டேனியர்கள் 1700 வரை பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் மாதா பிறப்பு முடிந்து பத்து நாள் கழித்துத்தான் தரங்கம்பாடிக் கோட்டையில் செப்டம்பர் 8 வரும். ஒரே கரையில், ஒரு நாள் நடைதூரத்துக்குள், இரண்டு தேதிகள்.

ஆங்கிலேயர் மாறியது 1752இல். அவர்கள் சட்டப்படி அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. கொள்ளிடக் கழிமுகத்துத் தேவிக்கோட்டை அப்போது அவர்கள் கையில் இருந்தது. அந்த ஆண்டு ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 8 என்று ஒரு நாளே இல்லை. வேளாங்கண்ணியில் இருந்தது.

நாகப்பட்டினத்தை 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்த பிறகு போர்த்துகீசியர் ஆட்சி ஒழிந்தது. கால்வினியச் சபையைச் சேர்ந்த டச்சுக்காரர்களுக்கு மாதா விழாவில் நம்பிக்கை இல்லை. விழாவைக் காத்தது கரையோர மக்களின் நேர்த்திக்கடன். 1771இல் வேளாங்கண்ணி நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனிப் பங்கானது. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அதைப் பேராலயமாக உயர்த்தினார்.

ஆவணியின் வசதி

செப்டம்பர் 8 ஆவணி மாதத்தின் நான்காம் வாரத்தில் விழும். மேட்டூர் அணை 1934இல் கட்டப்பட்ட பிறகு ஜூன் 12 தண்ணீர் திறக்கும் வழக்கம் ஏற்பட்டது. நீர் காலத்தோடு வந்த ஆண்டுகளில் ஆவணியில் குறுவை அறுவடையை நெருங்கும். சம்பா நாற்றங்கால் தயாராகும். அடைமழை ஐப்பசியில்தான். வாய்க்கால் வரப்பும் சாலையும் காய்ந்திருக்கும் காலம் இது. காவி உடுத்தி, பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துவரும் கூட்டங்களுக்கு இந்த இடைவெளி பெரிய உதவி. விழா இரண்டு மாதம் தள்ளி விழுந்திருந்தால் இத்தனை பெரிய நடைபயண மரபு வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

மங்களூர்க் கொங்கணிக் கத்தோலிக்கர்கள் இதே நாளை மோந்தி விழாவாகக் கொண்டாடிப் புது நெற்கதிரை மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். காவிரிப் படுகையில் புதுநெல்லுக்குத் தைப்பொங்கல் இருப்பதால் மாதா பிறப்புக்கு அந்த வேலை வரவில்லை. இங்கே கொண்டுவருவது தென்னங்கன்று, மெழுகுவர்த்தி, வெள்ளித் தகட்டில் அடித்த கண், கை, கால் உருவங்கள், பிள்ளை வரத்துக்குத் தொட்டில். மொட்டை போட்டுக் கடலில் குளித்துவிட்டுக் கோயிலுக்குள் நுழைவார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி, மராத்தி என்று பல மொழிகளில் திருப்பலி நடக்கும். ஆகஸ்ட் 30 முதல் ஒன்பது நாள் நவநாள் செபம். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பவனி. மிக்கேல் சம்மனசு, செபஸ்தியார், அந்தோணியார், சூசையப்பர் சப்பரங்கள் முன்னே போக, மாதா கடைசியில் வருவார். மறுநாள் மாலை கொடி இறங்கும்.

தஞ்சாவூர் மாவட்டம் பூண்டி மாதா பேராலயத்தில் ஆண்டுப் பெருவிழா மே மாதத்தில் நடந்தாலும், மாதா பிறப்பு விழாவும் செப்டம்பர் 8 அன்று தனியாக உண்டு.

மற்றத் தமிழ்க் கரைகள்

தூத்துக்குடி பனிமய மாதா விழா ஆகஸ்ட் 5. ரோமாபுரியில் கோடைக்காலத்தில் எஸ்குவிலின் குன்றில் பனி பெய்த புதுமையின் நாள் அது. இலங்கை மடு மாதாவின் ஆடித் திருநாள் ஜூலை 2, மரியா எலிசபெத்தைச் சந்தித்ததன் பழைய விழா நாள். 1969இல் ரோமாபுரி அந்த விழாவை மே 31-க்கு மாற்றிய பிறகும் மடு மாறவில்லை.

வேளாங்கண்ணிக்கு மிக நெருங்கிய உறவு மணப்பாடு. அங்கும் கதை ஒன்றே: புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பல், நேர்த்தி, பிழைத்தபின் உடைந்த பாய்மரத்தில் செய்து நட்ட சிலுவை. மரபு அதற்கு 1540 என்று ஆண்டும் தருகிறது. விழா செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா. அந்த நாளும் 335ஆம் ஆண்டு செப்டம்பரில் எருசலேமில் திருக்கல்லறை ஆலயம் அபிஷேகம் ஆனதிலிருந்து வந்தது. ஆறு நாள் இடைவெளியில் வரும் இந்த இரண்டு தமிழ்க் கடலோர விழாக்களின் நாட்களுக்கும் மூலம் எருசலேம்தான்.

ஈஸ்டரைப் போல நிலவைப் பார்த்து நகராமல், வசதிக்காக ஞாயிறுக்குத் தள்ளாமல், எந்தக் கிழமையில் வந்தாலும் வேளாங்கண்ணி விழா செப்டம்பர் 8-லேயே நிற்கிறது. கொரோனாத் தொற்றால் 2020இல் பக்தர்களுக்கு அனுமதி இல்லாதபோதும் ஆகஸ்ட் 29 கொடி ஏறி, செப்டம்பர் 8 இறங்கியது.