கண்ணுக்குப் புலப்படாத குறையை அளந்த வரலாறு

காலிழந்த ஒருவரின் குறையைக் கண்டவுடன் உணர்கிறோம். மனச்சிதைவு நோயாளியின் குறையோ உடலில் தென்படுவதில்லை. நல்ல உடற்கட்டுடைய இளைஞன் நாட்கணக்கில் நீராடாமல், எவரோடும் பேசாமல் மூலையில் அமர்ந்திருந்தால், ‘சோம்பேறி’ என்று ஊரார் ஏசுகின்றனர். அவனால் இயலவில்லை என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது?

1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் மேலைநாட்டில் இன்றும் வழங்கும் பெயரை இந்நோய்க்குச் சூட்டினார். 1952-இல் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்ச் சிகிச்சைக்கு வந்தது. பலருக்கு மாயக் குரல்கள் அடங்கின. ஆயினும் குரல் அடங்கியோர் அனைவரும் தொழிலுக்குத் திரும்பினாரல்லர். நோயின் குறிகள் வேறு, அன்றாட வாழ்க்கைத் திறன் வேறு என்பது தெளிவாயிற்று.

இத்திறனை மதிப்பிட உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வினாநிரலை உருவாக்கிற்று. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 1988-இல் அதனை நம் நாட்டுச் சூழலுக்கேற்பத் திருத்தியமைத்தனர்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் ஊனங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் சலுகை பெற நாற்பது விழுக்காட்டுக் குறைபாடேனும் வேண்டுமென விதித்தது. மனநோயில் அந்த நாற்பதை எங்ஙனம் காண்பது? இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் குழுவொன்று ‘ஐடியாஸ்’ என்னும் அளவுகோலை வகுத்தது. 2002-இல் அரசு அதனை ஏற்றது.

தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கிற்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. நோய் நீடித்த ஆண்டுகளுக்கு 1 முதல் 4 வரை சேர்ப்பர். மொத்தம் 20, அதில் 7 எட்டினால் நாற்பது விழுக்காடு. வேலை என்பது சம்பளம் பெறும் உத்தியோகம் மட்டுமன்று; இல்லத்தரசியின் வீட்டுப்பணியும் மாணவனின் படிப்பும் அதில் அடங்கும். சமையற்கட்டில் செயலற்று நின்ற பெண்ணின் துயரும் இவ்வாறு கணக்கில் ஏறிற்று.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பிழைப்பின்பொருட்டு மாநிலம் மாறி வாழும் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

அளவுகோல் நோயைத் தீர்ப்பதில்லை. ஆயினும், அந்த இளைஞனின் தாய் நெடுநாளாகச் சொல்லிவந்ததைச் சட்டம் செவிமடுக்கும்படி செய்தது அதுவே.