மூன்று மிஷன்கள், ஒரே ஊழியம்

எமது சங்கத்தின் நூற்றாண்டு நிறைவில், எம்மை வளர்த்த யாழ்ப்பாண மண்ணில் திருச்சபைகள் இணைந்து உழைத்த வரலாற்றையும் நன்றியுடன் நினைவுகூருகின்றோம்.

1814இல் மெதடிஸ்த மிஷனரிமாரும், 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும், 1818இல் அங்கிலிக்கன் சபையின் சீ.எம்.எஸ். மிஷனரிமாரும் இங்கு பணி தொடங்கினர். ஒருவரோடொருவர் போட்டியிடாது ஊர்களைப் பகிர்ந்துகொண்டனர். பட்டினமும் பருத்தித்துறையும் மெதடிஸ்தருக்கு. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் அமெரிக்கருக்கு. நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி சீ.எம்.எஸ். மிஷனுக்கு. பெண்பிள்ளைகளின் பாடசாலைகளும் அவ்வழியே எழுந்தன: 1824இல் உடுவில், பின்னர் வேம்படி, 1896இல் சுண்டிக்குளி.

வேதாகம மொழிபெயர்ப்பிலும் அவர்கள் கைகோத்தனர். மெதடிஸ்த மிஷனரி பேர்சிவல் முன்னின்று நடத்திய அப்பணி 1850இல் நூலாயிற்று. அமெரிக்க மிஷனரிமார் துணைநின்றனர். சைவரான ஆறுமுக நாவலரின் தமிழ்ப் புலமையும் அதற்கு உதவிற்று.

1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க மிஷன் சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். இலங்கையின் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளையும் ஏனைய சில சபைகளையும் ஒன்றாக்கும் முயற்சியோ 1972இல் நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டது.

சட்டம் தடுத்தது நிர்வாக இணைப்பையே. கூடி ஜெபிப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆண்டுதோறும் மார்ச் முதல் வெள்ளியன்று, உலக ஜெப தினத்தில், ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனை ஒழுங்கைப் பற்பல சபைப் பெண்கள் சேர்ந்து பயன்படுத்துகின்றனர். ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என எங்கு வாழினும், அன்று அயல் சபைச் சகோதரிகளோடு அமர்ந்து எம் ஊருக்காகவும் ஜெபிப்போமாக.