துணரும் பரலும்

பழைய தமிழ் ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளில் ‘சிலம்பு 8, பரல் 3’ என்பதுபோல ஒரு குறிப்பு வரும். முதன்முறை பார்க்கும் மாணவர் அதைச் சிலப்பதிகாரத்தின் ஏதோ ஒரு பகுதி என்று எண்ணக்கூடும். உண்மையில் அது ‘செந்தமிழ்ச் செல்வி’ என்ற திங்களிதழின் முகவரி. சிலம்பு என்பது ஓராண்டுத் தொகுதி. பரல் என்பது ஒரு மாதத்து இதழ்.

செல்வியை 1923இல் தொடங்கியது சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம். இதழுக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டியபின் அவள் காலுக்குச் சிலம்பு வேண்டும். சிலம்புக்குள் பரல் வேண்டும். பெயர் சூட்டியவர்கள் சொல்லின் வழியிலேயே நடந்திருக்கிறார்கள்.

பரல் நெடுந்தொலைவு நடந்துவந்த சொல். பருக்கைக்கல் என்பது அதன் பழம்பொருள். சங்கப் பாடல்களில் பாலை வழியில் செல்வோரின் அடியை உறுத்தும் கல் பரல்தான். விதைக்கும் அந்தப் பெயர் உண்டு. சிறியது, கெட்டியானது, ஒவ்வொன்றாக எண்ணக்கூடியது என்ற சாயல் இரண்டிலும் இருக்கிறது. அதே சாயலோடு சொல் சிலம்பின் உள்ளேயும் புகுந்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து என்று வழக்கு முடிகிற இடத்தில் இளங்கோவடிகள் உள்ளிடு மணிக்கு ஆளும் சொல் ‘அரி’. ஆனால் நம் வழக்கில் நிலைத்தது பரல். சிலம்புதல் என்றால் ஒலித்தல். உள்ளே பரல் இல்லாத சிலம்பு ஒலிக்காது. மாத இதழுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925இல் தொடங்கிய ‘தமிழ்ப் பொழில்’ வேறொரு வழியில் போயிற்று. பொழில் சோலை, ஆகவே ஆண்டு ‘துணர்’, மாதம் ‘மலர்’. துணர் என்றால் பூங்கொத்து. இணர், கொத்து, மஞ்சரி எல்லாம் அதற்கு உறவுச் சொற்கள். பன்னிரு மலர் சேர்ந்தால் ஒரு துணர்.

இந்த இரண்டுக்கும் மூத்தது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’. 1902இல் தோன்றிய அந்த இதழ் உருவகம் எதையும் நாடாமல் தொகுதி, பகுதி என்று எண்ணியது. தொகு, பகு என்ற எதிரெதிர்ப் பொருள்கொண்ட இரண்டு வினைகள் ஒரே விகுதி ஏற்று அருகருகே நிற்கும் அழகு அதற்கு உண்டு. ஆயினும் பின்வந்தவர்கள் அந்த எளிமையோடு நிற்கவில்லை. பாரதிதாசனின் ‘குயில்’ குரல், இசை என்று எண்ணியது. பெருஞ்சித்திரனாரின் ‘தென்மொழி’ சுவடி, ஓலை என்றது. ஒவ்வோர் இதழும் தன் பெயரிலிருந்தே தன் கணக்கை முளைக்கவைத்திருக்கிறது.

இப்போது இந்தப் பழைய இதழ்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். அதற்கு முன்பே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மைக்ரோஃபிலிமில் எத்தனையோ இதழ்களைக் காத்துத் தந்தது. கட்டுரை தேடி ஊர் ஊராய் அலைந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதைச் சொல்லி முடியாது.

அதனால்தான் மின்னூலகங்களின் இதழ்ப் பட்டியலைப் பற்றி வற்புறுத்தத் தோன்றுகிறது. எல்லா இதழ்களையும் ‘தொகுதி’, ‘எண்’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடைத்துவிடுவது எளிது. கணினிக்கும் அதுவே வசதி. ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அடிக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் தேடல் பெட்டியில் ‘பரல்’ என்றுதான் தட்டுவார். அந்தச் சொல் பட்டியலில் இல்லையென்றால் இருக்கிற இதழும் இல்லாததாகிவிடும். மலர் என்ற சொல்லில் சிக்கல் இன்னும் கூடுதல். பொழிலில் மலர் மாதத்தைக் குறிக்கும். வேறு பல ஏடுகளில் அதே மலர் ஆண்டைக் குறிக்கும், மாதத்துக்குப் பெயர் இதழ். இரண்டையும் ஒரே கட்டத்தில் இட்டால் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மாதமாகச் சுருங்கும்.

நூலகங்களில் ஆண்டுத் தொகுதியாக பைண்டு செய்யும்போது மேலட்டைகளைக் கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. அத்தகைய பிரதியை ஸ்கேன் செய்தால், எந்தத் துணர், எந்த மலர் என்பதை உட்பக்கங்களில் தேடித்தான் எடுக்க வேண்டும். துணரோ தமிழாண்டை ஒட்டி ஓடுவது. சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைக்கிறது. துணர் 7 என்பது பிரசோற்பத்தி ஆண்டு, அதாவது 1931-32. பட்டியலில் 1931 என்று மட்டும் எழுதினால், பங்குனி மலரைத் தேடுகிறவர் 1932 என்று தட்டி வெறுங்கையோடு திரும்புவார். துணர், மலர், தமிழாண்டு, ஆங்கில ஆண்டு நான்கையும் பதிய ஒரு வரி போதும்.