ஒளி கண்ட கிருமி

இரு கல்விப் பருவங்களுக்கு இடையே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மாணாக்கருக்கு விட்டுவைத்திருக்கும் ஜனவரி மாதத்தில், 2003-ஆம் ஆண்டு, ட்ரூ எண்டி, டாம் நைட், ராண்டி ரெட்பர்க், ஜெரால்டு சஸ்மன் என்னும் நால்வர் சில இளைஞரைக் கூட்டி, மின்மினியைப் போல ஒளிர்ந்தும் அணைந்தும் நிற்கும் பாக்டீரியாவைத் திட்டமிடுமாறு பணித்தனர்.

நால்வருள் நைட், கணிப்பொறித் துறையில் பேர்பெற்ற பின்னரும் மாணவராய் வகுப்பில் அமர்ந்து உயிரியல் பயின்றவர். அந்த வினயத்தை நினைக்குந்தோறும் எனக்கு அவர்மேல் மதிப்பு மிகுகிறது. மரபணுக்களை அவரவர் மனம்போனபடி ஒட்டிவந்த காலத்தில், அவர் 'பயோபிரிக்' என்றொரு பொது நியதியை வகுத்தார். ஒவ்வொரு துண்டின் இரு ஓரங்களிலும் குறித்த நொதிகள் வெட்டும் இடங்களை அமைத்துவிட்டால், எக்ஸ்பா-1 வெட்டிய முனையும் ஸ்பீ-1 வெட்டிய முனையும் தாமே பொருந்தும். பொருந்திய இணைப்பை அவ்விரு நொதிகளும் பின்னர் வெட்டமாட்டா. வெளி ஓரங்களோ முன்போலவே நிற்குமாதலின், சரத்தோடு சரம் முடிவதுபோல மேலும் மேலும் தொடுத்துக்கொண்டே போகலாம். ஆண்டுக்கணக்கான ஆய்வுப் பழக்கமில்லாத இளநிலை மாணாக்கர் ஒரு கோடை விடுமுறைக்குள் இத்தகைய கிருமி ஒன்றைச் செய்து பார்க்கத் துணிந்ததற்கு இந்நியதியே பெருந்துணை.

அந்த ஜனவரிப் பயிற்சி போட்டியாக வளர்ந்து, 2004-இல் ஐந்து கல்விநிலையங்கள் அதில் கலந்துகொண்டன. அவற்றுள் ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழக மாணாக்கர் செய்தது விசித்திரமானது. குடலின் இருளில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமிக்கு ஒளியை அறியும் சக்தி இயற்கையில் இல்லை. நீலப்பச்சைப்பாசியின் ஒளியுணர் புரதத்தைக் கிருமியின் சொந்த உணர்வியோடு இணைத்து, அப்புரதத்துக்கு வேண்டிய நிறமியைச் சமைக்கும் இரு மரபணுக்களையும் புகுத்தியபோது, செவ்வொளி பட்ட இடம் வெளிறிநிற்க, படாத இடம் கறுத்தது. பாக்டீரியாப் படலமே நிழற்படத் தகடாயிற்று. சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளரோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

ஐஜெம் என்று பெயர்கொண்ட இப்போட்டியில், 2006-இல், மாசசூசெட்ஸ் மாணாக்கர் முதலில் கிருமியின் இயல்பான துர்க்கந்தத்தை ஒழித்து, அது வளரும்போது உதகைக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலம்போலவும், வளர்ச்சி நின்றபின் வாழைப்பழம்போலவும் மணக்கச் செய்தனர். எடின்பரோவினர் குடிநீரில் ஆர்செனிக் நஞ்சைக் காட்டும் கிருமியைச் செய்தனர். வங்கதேசத்துக் கிணறுகளில் கலந்த அந்நஞ்சை அறிந்தவர்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

போட்டிக்குரிய பொதுக் களஞ்சியத்திலிருந்து மரபணுத் துண்டுகளைப் பெற்ற குழு, தான் புதிதாய்ச் செய்தவற்றை அங்கேயே சேர்க்கவேண்டும் என்பது ஆரம்பமுதல் சம்பிரதாயம். 2008-இல் சென்னை ஐ.ஐ.டி. மாணாக்கரும் இந்தக் கொள்வினை கொடுப்பினையில் சேர்ந்தனர்.