பிரியாத கொசுவம்

முதலில் அது ஓர் அரக்கனின் சட்டை. உடுத்தப்போகிறவரின் அளவைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக வெட்டி முழுசாகத் தைத்திருப்பார்கள். அதை இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே பரப்பி, கையால் நீவி, மடிப்பு இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். இயந்திரம் தாளையும் துணியையும் சேர்த்துப் பிடித்து, பொடிப்பொடி மடிப்புகளாக்கி, சூட்டில் அழுத்தி மறுபக்கம் தள்ளுகிறது. தாளை உரித்தால் உள்ளே சாதாரண மனுஷர் போடக்கூடிய சட்டை இருக்கிறது.

தையல் தெரிந்தவர்களுக்கு இது தலைகீழாகப் படும். பள்ளிச் சீருடைப் பாவாடை தைத்தவர் யாரைக் கேட்டாலும், துணியில் மடிப்பை வைத்து, ஊசி குத்தி, இஸ்திரி போட்ட பிறகே இடுப்புப் பட்டியைச் சேர்ப்போம் என்பார். மடிப்பு முன்னால், உடுப்பு பின்னால். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். 1988 வாக்கில் அவருடைய டோக்கியோ கூடத்தில் தொடங்கிய சோதனை அது. அந்த ஒரு மடிப்பின் கதையைச் சொன்னாலே, ஒரே ஆடை நிறுவனத்துக்குள் ஏன் இத்தனை பெயர்கள், இத்தனை தனிக் கடைகள் என்பது விளங்கிவிடும்.

மடிப்பு அவருக்கு முன்பே இருந்தது. வெனிஸ் நகரில் மரியானோ ஃபோர்ச்சுனி பட்டில் நுண்மடிப்பு வைத்து, டெல்ஃபோஸ் என்ற நீள அங்கியைச் செய்து, 1909ல் பாரிஸில் காப்புரிமையும் வாங்கியிருந்தார். உடலோடு ஒட்டி நீர் வழிவதுபோல் விழும் அங்கி அது. கயிற்றுச் சிட்டம் மாதிரி முறுக்கி, சின்னப் பெட்டிக்குள் சுருட்டி வைப்பார்கள். ஆனால் பட்டுக்கு ஞாபகம் குறைவு. தண்ணீர் பட்டால் மடிப்பு கலையும். மறுபடி மடித்துத் தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் அங்கியை வெனிஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். நம் வீட்டுப் பெண்கள் காலையில் எடுக்கும் கொசுவமும் இரவில் பிரிந்துபோகிறது. மறுநாள் புதிதாக எடுத்தால்தான் உண்டு.

மியாகேயின் மடிப்பு பிரியாமல் நிற்பதற்குக் காரணம் பாலியஸ்டர். சூடேறினால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் தளரும். மடித்த நிலையில் குளிரவிட்டால் அப்படியே இறுகிவிடும். வீட்டுச் சலவை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. துவைத்து, தொங்கவிட்டு, காய்ந்ததும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால்தான் கெட்டுப்போகும். மட்டம் என்று பலரும் முகம் சுளிக்கும் செயற்கை இழையிடம்தான், பட்டாலும் பருத்தியாலும் ஆகாத காரியத்தை அவர் ஒப்படைத்தார். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பாலியஸ்டர் பெட்ரோலியத்தின் பிள்ளை, மண்ணில் மக்காது. அதற்கு என்ன செய்வது என்ற கேள்வி பிற்பாடு இந்த நிறுவனத்துக்குள்ளேயே எழுந்தது.

மியாகே 1938ல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6 காலையில் அவருக்கு ஏழு வயது. மூன்று ஆண்டுகளுக்குள் கதிர்வீச்சு அவருடைய தாயைக் கொண்டுபோனது. அணுகுண்டில் தப்பிய ஆடைக் கலைஞர் என்ற பட்டம் தன் மேல் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2009ல்தான் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அழிப்பதைப் பற்றி நினைக்காமல் ஆக்குவதைப் பற்றி நினைக்க விரும்பியதாகவும், உடை நவீனமான, நம்பிக்கை தரும் துறை என்பதும் அதன் பக்கம் போனதற்கு ஒரு காரணம் என்றும் அதில் சொன்னார்.

டோக்கியோவில் வரைகலை படித்துவிட்டுப் பாரிஸுக்குப் போனார். கீ லரோஷ், ஜிவான்ஷி போன்ற பெரிய ஆடை வீடுகளில் பணக்காரப் பெண்களுக்கான தையலைக் கற்றுக்கொண்டிருந்தபோது 1968 மே மாதம் வந்தது. தெருவில் மாணவர்களும் தொழிலாளர்களும் திரண்டு நின்றதைப் பார்த்தவருக்கு, நாலு பேருக்கான உடுப்பைத் தைத்துக்கொண்டிருப்பதில் மனம் ஒட்டவில்லை. ஜீன்ஸையும் டி-ஷர்ட்டையும் போல எல்லோரும் போடக்கூடிய உடை வேண்டும் என்று தேடத் தொடங்கினார். 1970ல் டோக்கியோவில் சொந்தக் கூடம் திறந்தார். துணி உருவாக்கத்தை மாகிகோ மினகாவா கவனித்துக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் பிறந்த மடிப்பு நாட்டிய மேடைக்குப் போனது. 1991ல் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்காக வில்லியம் ஃபோர்சைத் அமைத்த படைப்புக்கு மியாகே மடிப்பு உடைகள் செய்து கொடுத்தார். ஆடுகிறவர் தாவினால் துணியும் விரிந்து தாவுகிறது, நின்றால் ஒடுங்குகிறது. எந்த அசைவையும் அது தடுக்கவில்லை. உடை உடலை அடக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேறென்ன? அடுத்த ஆண்டு அது பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்குப் போனது. சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட லிதுவேனியா, 1928க்குப் பிறகு முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரில் கோடைக்கால விளையாட்டில் கலந்துகொண்டது. அந்த அணி அரங்கத்துக்குள் நடந்தது மியாகேயின் மடிப்பு உடையில்தான். மறுபடி கொடி கிடைத்த சின்ன நாட்டுக்கு, இழுத்தால் விரிகிற உடுப்பு.

மேடையும் அரங்கமும் பார்த்த பிறகுதான் மடிப்புக்கு 1993ல் தனிப் பெயர் கிடைத்தது: ப்ளீட்ஸ் ப்ளீஸ். எளிய வடிவங்கள், பளிச்சென்ற நிறங்கள், எந்த உடம்புக்கும் இடம் கொடுக்கும் வெட்டு. சுருட்டிப் பெட்டியில் ஓர் ஓரமாகச் செருகிக்கொண்டு விமானம் ஏறி, இறங்கின இடத்தில் உதறிப் போட்டுக்கொள்ளலாம். கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் மியாகேயின் மடிப்பு உடைகளை விரும்பி அணிந்தார். வயதேறி உடம்பு மாறிக்கொண்டே வரும் பெண்களுக்கு இந்த உடுப்பு செய்த நன்மையைப் பற்றி ஃபேஷன் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை. பிள்ளை பெற்ற இடுப்பையும் தளர்ந்த தோளையும் குத்திக்காட்டாத உடை எத்தனை இருக்கிறது? விலையில் மட்டும் ஜீன்ஸ் கனவு பலிக்கவில்லை. சம்பளக்காரர் நினைத்தவுடன் வாங்கக்கூடிய உடுப்பு இல்லை இது.

மற்ற பெரிய வீடுகளில் கிளைப் பெயர் என்பது பெரும்பாலும் மூத்த பெயரின் மலிவுப் பதிப்பு. வடிவம் அங்கே பிறக்கும், நகல் இங்கே விற்கும். மியாகேயிடம் கிளை பிறக்கும் விதமே வேறு. ஒரு தொழில்நுட்பம் சோதனைச் சாலையைத் தாண்டித் தன் காலில் நிற்கும் அளவுக்கு வளர்ந்தால், அதற்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுப்பார்.

அப்படிப் பிரிந்தவற்றில் துணிச்சலானது ஏ-பாக். ‘ஒரு துண்டுத் துணி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். சேர்த்துச் சொன்னால் யுகம் என்பதற்கான ஆங்கிலச் சொல் காதில் விழும். 1998 வாக்கில் வடிவமைப்பாளர் டாய் ஃபுஜிவாராவோடு சேர்ந்து செய்தது. கணினி ஓட்டும் பின்னல் இயந்திரத்தில் ஒரே நூலிலிருந்து நீளக் குழாயாகத் துணி வரும். சட்டை, பாவாடை, காலுறை எல்லாவற்றின் எல்லைக் கோடுகளும் அதிலேயே பின்னப்பட்டிருக்கும். வாங்கியவர் கத்தரியை எடுத்துக் கோட்டின் மேல் வெட்டிக்கொள்ளலாம், ஓரம் பிரியாது. தையல் வேலையே இல்லை. கை நீளமா குட்டையா என்பதையும் வெட்டுகிறவரே முடிவு செய்யலாம்.

பாவ் பாவ் கைப்பை எல்லோருக்கும் தெரிந்தது. முக்கோணச் சில்லுகளை வலையில் பதித்தது. 2000ல் ப்ளீட்ஸ் ப்ளீஸுக்குள் பில்பாவ் என்ற பெயரில் தொடங்கி, 2010ல் தனிப் பெயரானது. உலகமெங்கும் போலிகள் குவிந்து கிடப்பதே அதன் புகழுக்குச் சாட்சி.

எனக்கு நெருக்கமாகப் படுவது ஹாட். 2000ல் மினகாவா தொடங்கியது. பெயர் நம் நாட்டுச் சொல். வட இந்திய மொழிகளில் கிராமத்துச் சந்தையைக் குறிப்பது. அதற்கு முன்பே, 1980களிலேயே, மியாகேயின் கூடம் அகமதாபாத்தில் ஆஷா சாராபாயோடு சேர்ந்து ‘ஆஷா’ என்ற உடை வரிசையைச் செய்துவந்தது. கைத்தறித் துணி, கைத்தையல். கணினிப் பின்னலையும் சூட்டு மடிப்பையும் துரத்திய அதே வீடு, விரல்களால் மட்டுமே ஆகிற வேலைக்கும் ஒரு பெயர்ப்பலகை மாட்டிக் கொடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்த அந்த மனசை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாலியஸ்டர் எழுப்பிய கேள்விக்கு 2010ல் ஒரு பதில் வந்தது, ‘132 5.’ என்ற பெயரில். மறுசுழற்சி செய்த பாலியஸ்டர் துணி, கணினி அறிவியலாளர் ஜுன் மித்தானியின் வடிவக் கணக்கு. தரையில் வைத்தால் தட்டையான நட்சத்திரம், பலகோணம். நடுவில் பிடித்துத் தூக்கினால் பாவாடையாக எழுந்து நிற்கும். பெயரிலேயே செய்முறை இருக்கிறது: ஒரு துண்டுத் துணி, முப்பரிமாண உரு, அது மடிந்து இரு பரிமாணம், கடைசியில் உடுத்துகிறவர் சேர்க்கும் ஐந்தாவது. கேள்வி இதோடு தீரவில்லை என்றாலும், கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை என்பது முக்கியம். 2013ல் ‘ஓம் ப்ளிஸே’ என்ற பெயரில் மடிப்பு ஆண்களிடமும் வந்தது. 2021ல் வடிவமைப்பாளர் யோஷியுகி மியாமே ஏ-பாக்கைப் புதிய பெயரில் மறுபடி எழுப்பினார்.

மியாகே 2022 ஆகஸ்ட் 5 அன்று, 84 வயதில் இறந்தார். ஹிரோஷிமா நாளுக்கு முந்தின நாள். அந்தச் செய்தியோடு சேர்ந்து 1998ல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளைக் கூடத்தில் நடந்த ஒன்று என் மனசில் நிற்கிறது. ப்ளீட்ஸ் ப்ளீஸ் உடைகளில் வேலை செய்யச் சொல்லிக் கலைஞர்களை அழைத்துவந்த வரிசையில், அந்த முறை அழைக்கப்பட்டவர் சீனக் கலைஞர் சாய் குவோ-சியாங். அவருடைய மை வெடிமருந்து. வெள்ளை மடிப்பு உடைகளைத் தரையில் டிராகன் உருவில் வரிசையாகப் பரப்பி, மேலே மருந்தைத் தூவித் தீ வைத்தார். கண நேரம் நெருப்பு ஓடியது. துணியில் பழுப்பும் கறுப்புமாகக் கருகல் தடம் விழுந்தது.

அந்தத் தடத்தை அப்படியே புதிய துணிகளில் அச்சடித்து, மடிப்பு வைத்து, சட்டைகளாகவும் அங்கிகளாகவும் கடைக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள், துவைத்தார்கள், கொடியில் உலர்த்தினார்கள்.